சிப்பாய், போதகர், தாய்மாமன்: காரோ மலையின் ஓமெத்

1863 பிப்ரவரி 8. குவாஹாட்டியில், பிரம்மபுத்திராவின் சுக்ரேஸ்வர் படித்துறையில், அமெரிக்கப் பாப்டிஸ்ட் மிஷனரி மைல்ஸ் பிரான்சன் இரண்டு காரோக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒருவர் ஓமெத் வாத்ரே மொமின். மற்றவர் ராம்கே வாத்ரே மொமின். மூத்தவரான ஓமெத் கோல்பாராவில் சிப்பாயாக இருந்தவர். நான்கே ஆண்டுகளில் அவர் தம் மக்களின் முதல் போதகரானார். ஓர் ஊரை உருவாக்கி, அதன் பெரியவராகவும் ஆனார்.

காரோ மலையின் பெரும்பகுதி அப்போது பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருக்கவில்லை. மலையடிவாரச் சந்தைகளில் பருத்தியைக் கொடுத்து உப்பும் கருவாடும் வாங்கிச் செல்வதே மலைமக்களுக்கும் சமவெளிக்கும் இருந்த முக்கியமான தொடர்பு. சமீன்தார்களின் வசூலும், அதற்கு எதிராக மலையிலிருந்து இறங்கிவந்து நடத்தப்பட்ட தாக்குதல்களும் அந்த எல்லையை எப்போதும் பதற்றத்தில் வைத்திருந்தன. அந்த எல்லையைக் காக்கும் அரசின் சீருடையை ஒரு காரோ அணிந்தது சாதாரணச் செய்தியன்று. நிலத்தையும் குலத்தையும் சாராத மாதச் சம்பளம் அவர் தலைமுறைக்குப் புதியது.

மனமாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதைக் காரோத் திருச்சபை வழிவழியாகச் சொல்லிவருகிறது. காலியாகக் கிடந்த ஒரு வீட்டுக்கு ஓமெத் காவல் இருந்தார். கூட்டித் தள்ளப்பட்ட குப்பையில் கிறிஸ்தவச் சிறுநூல் ஒன்று அகப்பட்டது. கோல்பாராவில் காரோச் சிறுவர்களுக்காக அரசு நடத்திய பள்ளியில் படித்திருந்த ராம்கேயும் அவரும் அதன்வழி ஒரு தேடலுக்குள் சென்றனர். அப்போது குவாஹாட்டியில் மிஷனரி எவரும் இல்லை. அரசுப் பணியைத் துறந்து அங்கிருந்த சிறிய சபையைப் பேணிவந்தவர் கந்துரா ஸ்மித் என்னும் அசாமியர். இருவரையும் வரவேற்றுப் போதித்து, நௌகாங்கிலிருந்த பிரான்சனுக்குச் செய்தி அனுப்பியவர் அவரே. காரோக் கிறிஸ்தவத்தின் தொடக்கத்தை மிஷனரியிலிருந்து எழுதும் வழக்கத்தில் கந்துராவின் பங்கு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஓமெத் வேலையை விட்டார். மலைக்குத் திரும்பிய அவரைத் தம் மக்கள் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் வெறும் பிடிவாதம் அன்று. சோங்சாரெக் எனப்படும் மரபு வழிபாட்டில் ஆவிகளுக்குரிய பலியை ஊரே சேர்ந்து செலுத்த வேண்டும். ஒருவர் விலகினால் நோயும் விளைச்சல் இழப்பும் எல்லோரையும் தாக்கும் என்று அஞ்சினார்கள். ஆகவே ஒருவரின் மதமாற்றம் ஊரின் பாதுகாப்பைக் குலைப்பதாகப்பட்டது. கொல்வதாக மிரட்டல் வந்தது. ஓமெத் தேர்ந்தெடுத்த இடம் அவருடைய பழைய தொழிலை நினைவூட்டுகிறது. மலையிலிருந்து சந்தைக்கு இறங்கும் ரங்ஜுலிக் கணவாயின் அடியில் ஒரு குடிசை போட்டார். பருத்திச் சுமையுடன் இறங்குகிறவரும், உப்புடன் ஏறுகிறவரும் அவரைக் கடந்தே போக வேண்டும். காவலுக்கு நின்று பழகியவர் இப்போது பேசுவதற்காக நின்றார்.

கேட்டவர்களில் சிலர் அருகிலேயே தங்கினர். அவ்வாறு எழுந்த ஊர் ராஜாசிம்லா. ராம்கே தம்ராவில் பள்ளி நடத்தினார். 1867 ஏப்ரலில் பிரான்சன் அங்கே வந்தபோது ஞானஸ்நானத்துக்காக ஒரு கூட்டமே காத்திருந்தது. அம்மாதம் 14ஆம் தேதி, ஏறத்தாழ நாற்பது உறுப்பினர்களுடன் முதல் காரோச் சபை நிறுவப்பட்டது. ஓமெத் போதகராக அருட்பொழிவு பெற்றார். தூராவை மையமாகக் கொண்டு காரோ மலை தனி மாவட்டமானது 1860களின் பிற்பகுதியில். ஆங்கிலேயப் படையை எதிர்த்துப் போரிட்ட பா தோகன் சங்மா வீழ்ந்தது 1872 டிசம்பரில். ஆக, மலை முழுவதும் ஆட்சிக்குள் வருவதற்கு முன்பே, ஒரு காரோவின் தலைமையில் இந்தச் சபை வேரூன்றிவிட்டது.

ஓமெத்துக்கும் ராம்கேக்கும் இருந்த உறவை ஆங்கில நூல்கள் ஒரு பொதுச்சொல்லால் கடந்துவிடுகின்றன. அந்தச் சொல் அண்ணன் மகனையும் குறிக்கும். அக்காள் மகனையும் குறிக்கும். தமிழில் அப்படி முடியாது. காரோச் சமூகத்திலும் முடியாது. காரோக்கள் தாய்வழிச் சமூகத்தார். குலப்பெயர் தாயிடமிருந்தே வருகிறது. ஒரே குலத்துக்குள் மணமில்லை என்பதால், உடன்பிறந்தான் மகன் வேறு குலத்தவனாகிவிடுவான். இருவர் பெயரிலும் 'வாத்ரே மொமின்' நிற்பதே, இது தாய்வழி உறவு என்பதைக் காட்டுகிறது. ஓமெத் தாய்மாமன், ராம்கே மருமகன்.

இந்த உறவின் கனம் தமிழருக்கு எளிதில் விளங்கும். சொத்துக்குரிய மகளுக்கு மாப்பிள்ளையாகத் தந்தையின் குலத்து ஆணை, இயன்றால் அவருடைய சகோதரி மகனையே, கொண்டுவருவது காரோ வழக்கம். அவருக்கு நோக்க்ரோம் என்று பெயர். சகோதரி மகனையும் மகளின் கணவனையும் 'மருமகன்' என்ற ஒரே சொல்லால் அழைக்கும் நம் மொழிக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதன்று. வேறுபாடு ஒன்று உண்டு: அங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்குச் செல்கிறார், நிலம் பெண்வழியே நிற்கிறது. ஊர்த்தலைவரான நோக்மாவின் பதவிகூட மனைவியின் வழியாக வருவதே.

எனவே ஓமெத்தைக் 'குடும்பத் தந்தை' என்று விவரிப்பது பொருந்தாது. அந்தச் சமூகத்தில் தந்தை தலைமுறையின் மூலவர் அல்லர். தாய்மாமனே சகோதரி பிள்ளைகளுக்குப் பொறுப்பாளி. மருமகனுக்கு வழிகாட்டியவர் என்ற அளவில் ஓமெத் மரபின்படியே நடந்தார். மனைவியின் நிலத்தாலும் குலத்தாலும் வராத ஒரு தலைமையை ராஜாசிம்லாவில் ஏற்றபோது மரபை மீறினார். புதிய சமயம் பழைய உறவுமுறையின் தோளில் ஏறியே மலைக்குள் நுழைந்தது. இதைத் தவறவிட்டால், படையை விட்டு வந்த ஒரு தனிமனிதரின் பேச்சை ஒரு கூட்டம் ஏன் கேட்டது என்பது புரியாது.

விளைவு மொழியிலும் தங்கிவிட்டது. அசாமிய மொழியின் தனித்தன்மைக்காக வாதாடிய பிரான்சன், அசாமிய அகராதியை வெளியிட்டதும் 1867இல்தான். ராம்கே தொகுத்த வங்காள–காரோ அகராதி 1887இல் வந்தது. முதலில் வங்க எழுத்தில் அச்சான காரோ 1902இல் ரோமன் எழுத்துக்கு மாறியது. எழுத்து மாறியபோதும் வட்டாரம் மாறவில்லை. நிர்வாக மையமான தூராவைச் சுற்றிப் பேசப்படுவது ஆபெங் வட்டாரவழக்கு. ஆயினும் எழுத்துமொழிக்கு அடிப்படையானது வடகிழக்கின் ஆவே வழக்கு. முதல் கிறிஸ்தவர்களும் முதலில் கல்வி பெற்றவர்களும் அந்தப் பகுதியினர் என்பதே காரணம்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் காரோ பேசுவோர் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்கள் பாடநூலிலும் வேதாகமத்திலும் படிப்பது, ஓமெத் குடிசை போட்ட அந்த அடிவாரப் பகுதியின் பேச்சிலிருந்து வளர்ந்த மொழியைத்தான்.