ஆர்தூரோ பரேயா

ஆர்தூரோ பரேயா (செப்டம்பர் 20, 1897 – டிசம்பர் 24, 1957) ஸ்பானிய நாவலாசிரியர், இதழாளர், வானொலி உரையாளர். ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது மாட்ரிட் நகரில் வெளிநாட்டுச் செய்திகளுக்கான தணிக்கை அதிகாரியாகப் பணியாற்றினார். இங்கிலாந்தில் அகதியாக வாழ்ந்தபோது எழுதிய 'ஒரு கலகக்காரனின் உருவாக்கம்' என்ற தன்வரலாற்று நாவல் வரிசை இவருடைய முதன்மைப் படைப்பு. ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட இந்நூல் முதலில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஸ்பெயினில் வாழ்ந்த வாசகர்களுக்கு அது கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இளமை

பரேயா ஸ்பெயினின் தென்மேற்கில் உள்ள படாஹோஸ் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தாய் லெயோனோர் பிள்ளைகளுடன் மாட்ரிட் நகருக்குக் குடியேறி, மன்சனாரெஸ் ஆற்றில் துணி வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். ஓரளவு வசதியான மாமா வீட்டில் பரேயா வளர்ந்தார். பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் பயின்றார். மாமா இறந்ததும் படிப்பு 13 வயதில் நின்றது. பின்னர் கடையிலும் வங்கியிலும் எடுபிடி வேலைகள் செய்தார். மாமா வீட்டின் வசதியையும் தாய் வாழ்ந்த லவாபியெஸ் பகுதியின் வறுமையையும் ஒருங்கே கண்டு வளர்ந்த அனுபவமே இவருடைய எழுத்தின் அடித்தளம்.

1920 முதல் மொராக்கோவில் கட்டாய ராணுவப் பணியாற்றினார். 1921-ல் அன்வால் என்ற இடத்தில் ரிஃப் மலைவாழ் மக்களிடம் ஸ்பானியப் படை தோற்றது. ஆயிரக்கணக்கான வீரர்கள் மாண்டனர். அதன் பின்விளைவுகளை நேரில் பார்த்த பரேயா, படைவீரனின் உணவிலும் உடையிலும்கூட மேலதிகாரிகள் பணம் திருடுவதையும் கண்டார். ஊர் திரும்பியபின் காப்புரிமைப் பதிவு தொடர்பான அலுவலகத்தில் பணிபுரிந்தார்.

போரும் தணிக்கையும்

1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. பரேயா குடியரசு அரசின் பக்கம் நின்றார். மாட்ரிட் நகரின் மிக உயரமான கட்டிடமான டெலிஃபோனிகாவில் வெளிநாட்டு நிருபர்களின் செய்திகளைத் தணிக்கை செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது. நவம்பரில் பிராங்கோவின் படை நகரை நெருங்கியதும் அரசு வலென்சியாவுக்கு இடம்பெயர்ந்தது. பரேயா மாட்ரிட்டிலேயே தங்கித் தணிக்கைப் பணியைத் தொடர்ந்தார். பீரங்கிக் குண்டுகள் அக்கட்டிடத்தைத் தொடர்ந்து தாக்கின.

அங்கு உதவிக்கு வந்த ஆஸ்திரியப் பெண் இல்சா குல்ச்சார் பல மொழிகள் அறிந்தவர். வெற்றிச் செய்திகளை மட்டும் அனுமதித்தால் உலகம் எதையும் நம்பாது என்றும், நகரம் படும் துன்பத்தை நிருபர்கள் எழுத விடுவதே குடியரசுக்கு நல்லது என்றும் இருவரும் கருதினர். இப்போக்கு மேலிடத்தில் பகையை வளர்த்தது. இருவரும் பதவி இழந்தனர். 1937-ல் 'மாட்ரிட்டின் அறியப்படாத குரல்' என்ற பெயரில் பரேயா வானொலியில் பேசினார். 1938-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டு பாரிஸ் சென்றனர். அதே ஆண்டு பரேயாவின் முதல் சிறுகதைத் தொகுதி பார்சிலோனாவில் வெளியானது. 1939-ல் இருவரும் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தனர்.

ஒரு கலகக்காரனின் உருவாக்கம்

இந்த வரிசையின் முதல் நாவல் 'உலைக்களம்' 1941-லும், இரண்டாவது நாவல் 'பாதை' 1943-லும், மூன்றாவது நாவல் 1946-லும் லண்டனில் வெளிவந்தன. முதல் நாவலைப் பீட்டர் சால்மர்ஸ் மிட்செல் மொழிபெயர்த்தார். பின்னர் இல்சா அதை மீண்டும் மொழிபெயர்த்தார், மற்ற இரண்டையும் அவரே ஆங்கிலமாக்கினார். மூன்றாம் நாவல் ஆங்கிலத்தில் 'மோதல்' என்றும் ஸ்பானியத்தில் 'சுடர்' என்றும் பெயர் பெற்றது.

ஆற்றங்கரைக் கொடிகளில் காயும் படைவீரர்களின் கால்சட்டைகளுக்கிடையே விளையாடும் சலவைக்காரியின் மகனிலிருந்து கதை தொடங்குகிறது. இரண்டாம் நாவல் மொராக்கோவையும் மூன்றாம் நாவல் உள்நாட்டுப் போரையும் பேசுகின்றன. பரேயா தன் தரப்பின் குற்றங்களை மறைக்கவில்லை. குடியரசின் பெயரால் மாட்ரிட் தெருக்களில் நடந்த கொலைகளையும், தன் முதல் மணவாழ்வின் தோல்வியையும், குண்டுவீச்சால் தன் மனம் நிலைகுலைந்ததையும் எழுதினார். ஜார்ஜ் ஆர்வெல் இந்நூல்களுக்கு மதிப்புரை எழுதினார்.

மொழியின் இழப்பு

ஸ்பானியப் பதிப்பு 1951-ல்தான் புவெனஸ் அயர்ஸ் நகரில் வெளிவந்தது. மூலக் கைப்பிரதி கிடைக்கவில்லை. அப்பதிப்பின் நடையில் ஆங்கிலத் தொடரமைப்பின் சாயல் தென்படுவதால், அதன் பகுதிகள் ஆங்கிலத்திலிருந்து மறுபடி ஸ்பானியத்துக்குக் கொண்டுவரப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். லவாபியெஸ் தெருக்களின் பேச்சைக் காதில் வாங்கி எழுதிய நாவல், அத்தெருக்களுக்கு வேற்றுமொழியின் தடத்தோடு திரும்பியது. பிராங்கோ 1975-ல் இறந்த பிறகே அது ஸ்பெயினில் அச்சானது.

பரேயாவின் குரலும் இதேபோல் வெளியிலேயே ஒலித்தது. 1940 முதல் இறுதிவரை பிபிசியின் லத்தீன் அமெரிக்கச் சேவையில் 'ஹுவான் தெ காஸ்தீயா' என்ற புனைபெயரில் 800-க்கும் மேற்பட்ட உரைகள் நிகழ்த்தினார். இங்கிலாந்துக் கிராமத்து மனிதர்களே பெரும்பாலும் அவற்றின் பொருள். 1951-ல் வெளிவந்த 'முறிந்த வேர்' நாவலில், நாடு கடந்த ஒருவன் மாட்ரிட் திரும்பித் தன் குடும்பத்துக்கே அந்நியனாவதைச் சித்திரித்தார். பரேயா ஒருபோதும் நாடு திரும்பவில்லை. லோர்கா, உனமுனோ பற்றியும் நூல்கள் எழுதினார்.

மறைவு, நினைவு

பரேயா டிசம்பர் 24, 1957 அன்று இங்கிலாந்தின் ஃபாரிங்டன் அருகே மறைந்தார். ஃபாரிங்டன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு நினைவுக்கல் உள்ளது. மாரியோ காமுஸ் இயக்கத்தில் இந்நாவல் வரிசை 1990-ல் ஸ்பானியத் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பானது. 2017-ல் லவாபியெஸ் பகுதியில் ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இலக்கிய இடம்

ஸ்பானிய உள்நாட்டுப் போரை உலக வாசகர்கள் பெரிதும் ஹெமிங்வே, ஆர்வெல் போன்ற அயல்நாட்டவர் வழியாகவே அறிந்தனர். அப்போரை அதற்கு முந்தைய நாற்பது ஆண்டு வறுமை, கல்வி, காலனியப் போர் ஆகியவற்றின் விளைவாக, உள்ளிருந்து எழுதிக் காட்டியது பரேயாவின் பங்களிப்பு. போர் ஏன் வந்தது என்பதற்கு அவர் கோட்பாட்டால் விடை சொல்லவில்லை. குளிர்ந்த ஆற்றுநீரில் சிவந்து வெடித்த தாயின் கைகளிலிருந்து தன் கதையைத் தொடங்கினார்.