எழுத்தொலிப் பயிற்சி: இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அண்டை அண்டையாக விளங்கும் இவ்விரு ஊர்களுள், இராஜபாளையத்து ராஜுக்கள் இல்லத்தில் தெலுங்கும் வெளியே தமிழும் வழங்குபவராதலின், அக்குடும்பத்துக் குழந்தை தமிழ் அரிச்சுவடியைத் தொடங்கும்போது இருவகைச் சிரமங்கள் எதிர்ப்படுகின்றன.

தெலுங்கு நான்கு அக்ஷரங்களால் பிரித்துக் காட்டுவதைத் தமிழ் ஒரே வடிவில் அடக்கி இடம் நோக்கி ஒலிப்பது முதலாவது: பத்து, பந்து, பாதம் என்பவற்றில் தகரம் ஒன்றே, உச்சாரணமோ மூன்று. பாதத்தில் வரும் உரசொலியை ஏறத்தாழ ஒத்ததற்கு 32 எழுத்துடைய ஐஸ்லாந்து மொழியில் 'எத்' என்னும் தனியெழுத்தே உண்டு. அது மொழிமுதலில் வாராதென்பது நம் இலக்கண நூலாருக்கு வியப்பளிக்காது.

மெய்யான இடர் ழகரமே. தெலுங்கின் பழங்கல்வெட்டுகளில் தனிவடிவம் பெற்றிருந்த அவ்வொலி பிற்பாடு வழக்கொழிந்தமையால், நம் ஏழு அங்கே ஏடு என்றும் கோழி கோடி என்றும் வழங்குகின்றன. நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட வேண்டுமெனத் தொல்காப்பியப் பிறப்பியல் விதித்திருப்பினும், ரகரத்துக்கும் அதுவே விதியாதலால், தொடக்க மாணாக்கன் செவிவழியாகவே தேர்ச்சி பெற இயலும். ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி வைகறைதோறும் திருப்பாவையின் 30 பாசுரங்களும் ஓதப்படக் கேட்டு வளரும் குழந்தைக்கு அவ்வனுகூலம் தானே வாய்க்கிறது. எனினும் தமிழே தாய்பாஷையாக உடையோரும் தென்பாண்டிச் சீமையில் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்பது சகஜமாகையால், பழியைத் தெலுங்கின்மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று.