செஸ்: வீட்டில் சரி, போட்டியில் தவறு - சிப்பாயின் 3 சிறப்பு விதிகள் என்ன?

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு தமிழ் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு மதியம் தாத்தாவும் பேத்தியும் செஸ் ஆடுகிறார்கள். பேத்தி திடீரென்று அவருடைய சிப்பாய் ஒன்றை எடுத்துவிடுகிறாள்.

"பக்கத்துல நிக்கிறத எப்படிம்மா வெட்டுவ? இது கள்ளாட்டம்."

"இது என் பாஸான் தாத்தா. கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தாங்க."

இரண்டு பேரும் சொல்வது சரிதான். தாத்தா கற்றது பழைய இந்திய முறை. அதில் சிப்பாய் பொதுவாக ஒரு கட்டம்தான் நகரும். பேத்தி கற்றது சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை 1929, 1932, 1933 என மூன்று முறை வென்ற சுல்தான் கானும் சிறுவயதில் இந்திய முறையில்தான் ஆடக் கற்றார்.

முதல் நகர்வில் 2 கட்டம்

ஒவ்வொரு சிப்பாயும் தன் முதல் நகர்வில் மட்டும் 2 கட்டம் போகலாம்; கட்டாயமில்லை. இரண்டு கட்டங்களும் காலியாக இருக்க வேண்டும். 'ஆரம்பத்தில் இரண்டு சிப்பாயை ஒவ்வொரு கட்டம் தள்ளலாம்' என்பதெல்லாம் வீட்டு விதி. போட்டியில் செல்லாது.

என் பாஸான்

2 கட்டம் தாண்டும் சலுகையை வைத்து, எதிராளியின் வெட்டிலிருந்து ஒரு சிப்பாய் நழுவிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த விதி.

உங்கள் வெள்ளைச் சிப்பாய் இ5-இல் நிற்கிறது. கறுப்பு, டி7-இலிருந்து ஒரே தாவலில் டி5-க்கு வந்து பக்கத்தில் நிற்கிறது. அது ஒரு கட்டம் மட்டும் வந்து டி6-இல் நின்றிருந்தால் எப்படி வெட்டுவீர்களோ, அப்படியே வெட்டலாம். உங்கள் சிப்பாய் டி6-க்குப் போகும். டி5-இல் உள்ள கறுப்புச் சிப்பாய் வெளியேறும்.

ஆனால் உடனடி அடுத்த நகர்வில் மட்டும்தான். விட்டால் அந்த வாய்ப்பு போச்சு. சிப்பாயைத் தவிர வேறு எந்தக் காயும் இப்படி வெட்ட முடியாது.

ப்ரமோஷன்

கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் அதே நகர்வில் ராணி, யானை, பிஷப், குதிரை ஆகியவற்றில் ஒன்றாக மாற வேண்டும். எது என்பது உங்கள் விருப்பம். பழைய இந்திய முறையில், போய்ச் சேர்ந்த கட்டத்துக்குரிய காயாகவே மாறும். இப்போது பலகையில் ராணி இருந்தாலும் இன்னொரு ராணி வாங்கலாம்.

இந்த ஒரு விதியால்தான் சிப்பாய்க்கு அவ்வளவு மதிப்பு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 14-வது ஆட்டத்தின் முடிவில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சின. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். டிங் லிரென் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் உலக சாம்பியன்.

எங்கே மாட்டிக்கொள்வோம்?

ராணி கைக்குக் கிடைக்காவிட்டால் யானையைத் தலைகீழாக வைத்து 'இதுதான் ராணி' என்போம். போட்டியில் அது யானைதான். 2017 கனடா சாம்பியன்ஷிப்பைத் தீர்மானித்த டைபிரேக்கில் நிகோலாய் நோரிட்சின் இப்படித்தான் வைத்தார். நடுவர் அதை யானை என்றே அறிவித்தார்; பட்டம் எதிராளிக்குப் போனது. ராணி இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கேளுங்கள். அதற்கு விதியில் இடம் உண்டு.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மற்ற காய்களை எடுத்துவிட்டு, இரு பக்கமும் 8 சிப்பாய்களை மட்டும் வையுங்கள். முதலில் கடைசி வரிசையைத் தொடுபவருக்கு வெற்றி. நாலைந்து ஆட்டத்துக்குள் 2 கட்டத் தாவலும் என் பாஸானும் தானாகவே வந்துவிடும். தாத்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.