தங்காளின் போர்

அண்ணன்மார் கதையை எல்லாரும் பொன்னர் சங்கர் கதை என்றே சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கொங்குச் சீமையில் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடிவந்த அந்தக் கதையில் கடைசிவரை நிற்பவள் அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்காள். ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் மூவரும். அண்ணன்மார் பதினாறு வயதில் களத்தில் விழுந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் தலையில்தான்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். கோயில் வாசலில் பாட்டுக்காரர் ஒருவரும் பின்பாட்டுக்கு ஒருவருமாகக் கதை நடக்கும். அண்ணன்மார் வாளெடுத்துச் சண்டை போடும் இரவுகளில் என் அம்மாயி கண்ணயர்ந்துவிடுவார். தங்காள் கனவு காணும் கட்டம் வந்தால் எழுந்து உட்கார்ந்து என்னையும் உலுக்குவார். “முழிச்சுக்க அம்மிணி, இனிமேத்தான் கதையே இருக்குது.”

அம்மாயி சொன்னது சரி. வரப்போகும் சாவு தங்காளுக்குக் கனவில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. போகாதீர்கள் என்று அண்ணன்மாரிடம் சொல்லிப் பார்க்கிறாள். அவர்கள் கேட்பதில்லை. அவர்களுக்குப் பகையான வேட்டுவர் பக்கத்துக் காட்டுப்பன்றி கொம்பன் வயல்களை நாசமாக்க, அதைக் கொல்லப் புறப்படுகிறார்கள். அந்த வேட்டையில் எனக்கு மிகப் பிடித்தது பொன்னாச்சி. இத்தனூண்டு பெட்டை நாய். கொம்பனுக்குக் கீழே புகுந்து அதன் விதையைக் கடித்து நிலைகுலையச் செய்வது அவள்தான். சங்கரின் ஈட்டி அதற்கப்புறம். இதைப் பாடும்போது ஆண்கள் கூட்டம் சிரிக்கும், பெண்கள் பக்கம் குலவை போடாத குறைதான். அண்ணன்மார் கோயில்களில் பன்றியைக் குத்தும் சிலையைப் பார்த்தால், குதிரையை விட்டுவிட்டு நாய் எங்கே இருக்கிறது என்றுதான் இன்றும் என் கண் தேடும்.

வேட்டைக்குப் பிறகு களத்தில் அண்ணன்மார் மாண்டதும் தங்காள் அரண்மனைக்குத் தீ மூட்டுகிறாள். உள்ளே அண்ணிமார் இருவர். கல்யாணம் ஆனது முதல் கணவன் முகம் பாராமல் அடைந்து கிடந்தவர்கள். இதை நான் பூசி மெழுக மாட்டேன். அந்த இரண்டு பெண்களுக்காக இன்றும் மனசு வலிக்கிறது. பாட்டுக்காரர்களும் இந்த இடத்தை ஒளித்ததில்லை. பிறகு தன்னந்தனியாகக் காட்டில் அலைந்து, தெய்வத்தின் துணையோடு அண்ணன்மார் உடல்களைக் கண்டுபிடித்து உயிர் எழுப்புகிறாள். எழுந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசுகிறார்கள். எங்கள் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி மறுபடி சாகிறார்கள். அண்ணனை இரண்டு முறை பறிகொடுப்பவள் அவள்.

இந்தக் கதை ஏட்டிலும் வாயிலுமாக இருந்து, 1971இல் கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த ‘அண்ணன்மார் சுவாமி கதை’யாக அச்சுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1965இல், கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி, இ.சி. ராமசாமி என்ற பாட்டுக்காரர் பல இரவுகள் பாடியதை ஒலிநாடாவில் பிடித்துவைத்தார். 1982இல் அவர் எழுதிய ஆங்கில ஆய்வு நூலின் தலைப்பே மூன்று இரட்டையர் என்பதுதான். அவர் கணக்கில் தங்காளும் சேர்த்தி. அதற்காகவே அந்த அம்மாளை எனக்குப் பிடிக்கும். 1992இல் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு தொகுதிகள் சென்னை ஆசியவியல் நிறுவனத்திலிருந்து வந்தன. நம் ஊர் உடுக்கைப் பாட்டைக் கட்டிக் காக்கக் கடல் தாண்டி ஒருத்தி வரவேண்டியிருந்தது. வந்தாளே, அது போதும்.

அவர் அதோடு நிற்கவில்லை. ரவிச்சந்திரன் ஆறுமுகம் என்ற ஓவியரோடு சேர்ந்து இதை 26 பகுதி அனிமேஷன் தொடராக்கினார், சித்திரக்கதைப் புத்தகங்களாகவும் வந்தது. என் பேத்தி ‘நருட்டோ’ பார்க்கிறவள். மசாஷி கிஷிமோட்டோ 1999இல் ஆரம்பித்த மங்கா அது. அதில் சகுரா என்ற சிறுமி முதலில் ஆண்பிள்ளைகள் பின்னால் நின்று தவித்து, பிறகு மருத்துவம் கற்று, விழுந்தவர்களைப் பிழைக்கவைக்கிற போராளியாக வளர்கிறாள். “இவளாட்டம் நம்மூர்ல யாராச்சும் இருக்காங்களா அம்மாயி?” என்றாள். தங்காளைக் காட்டினேன். ஜப்பான்காரர்களின் வேகம் அந்தப் படத்தில் இல்லை, உருவங்கள் மெதுவாகத்தான் அசையும். ஆனாலும் தீ வைக்கும் இடத்தில் அவள் எழுந்துபோகவில்லை. “அவ ஏன் சண்டைக்கே போகலை?” என்று மட்டும் கேட்டாள்.

மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் மாசித் திருவிழா நடக்கும். கொங்குக் கிராமங்கள் பலவற்றிலும் படுகளம் போடுவார்கள். மாண்ட வீரர்களாக ஆண்கள் அருள்வந்து தரையில் சாய்ந்து கிடப்பார்கள். தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்ப வேண்டியது தங்காள். அவள் வரும்வரை வாட்டசாட்டமான அத்தனை பேரும் மண்ணில்தான் கிடக்க வேண்டும். அடுத்த மாசிக்குப் பேத்தியை வீரப்பூர் கூட்டிப் போகிறேன். அவள் கேட்டதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.