பெட்ரோலுக்கு மருந்து போட்ட கதை

சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம், மயூர் விஹாரில் குடியிருக்கும் நம்மவர் ஒருவரின் மகன் என் கடைக்கு வந்தான். புதிதாக டர்போ இன்ஜின் வைத்த கார் வாங்கியிருக்கிறான். கையில் ஒரு சின்ன டப்பா. "மாமா, இதை டேங்கில ஊத்தினா வண்டி பறக்குமாமே, ஊத்தலாமா?" என்றான். டப்பாவின் மேல் ஆக்டேன் பூஸ்டர் என்றும், 30 பாயின்ட் ஏறும் என்றும் போட்டிருந்தது.

காஷ்மீரி கேட்டில் 1986 முதல் மோட்டார் உதிரிப் பாகம் விற்கிறவன் நான். ஊற்று, ஊற்றாதே என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த டப்பாவுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் தில்லிக்கு ஒரு பங்கு உண்டு. வெட்கத்தோடு சொல்கிறேன், என் கடைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. மலருக்குக் கட்டுரை கேட்ட அன்பர்களிடம் இதையே எழுதித் தருகிறேன் என்றேன்.

முதலில் இந்த ஆக்டேன் என்னவென்று பார்த்துவிடுவோம். இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நசுக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுந்ததும், தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும். மட்டமான பெட்ரோலாக இருந்தால், தீ போய்ச் சேருமுன்பே மறுமுனையில் உள்ள கலவை தானாக வெடித்துவிடும். அதுதான் 'டக் டக்' என்று கேட்கிற நாக்கிங். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனே ஓட்டையாகும். எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமாக நசுக்குகிறோமோ அவ்வளவு சக்தி கிடைக்கும். நாக்கிங் அபாயமும் அவ்வளவு கூடும். பந்தயக் கார்க்காரர்கள் சிலிண்டர் ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனை ஏற்றுவதும், பிறகு நல்ல பெட்ரோலுக்கு அலைவதும் இதனால்தான்.

பெட்ரோல் எந்த அளவுக்கு நாக்கிங்கைத் தாங்கும் என்று அளக்க 1920-களின் பிற்பகுதியில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க ரசாயனி ஒரு படிக்கல் செய்தார். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோல், 91 பங்கு முன்னதும் 9 பங்கு பின்னதும் சேர்ந்த கலவைக்குச் சமமாக நடந்துகொண்டால் அது 91 ஆக்டேன். நம்ம பம்பில் எழுதியிருப்பது ஆர்.ஓ.என். என்ற கணக்கு. அமெரிக்க பம்பில் எழுதியிருப்பது இரண்டு வகைச் சோதனைகளின் சராசரி. ஆகவே அங்கே 91 என்பது இங்கே ஏறக்குறைய 95 அல்லது 96. இன்னொரு சூட்சுமம்: டப்பாக்காரர்கள் சொல்லும் பாயின்ட், ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. 30 பாயின்ட் என்றால் 91 என்பது 121 ஆகாது, 94 ஆகும். தராசைப் பிடிக்கும் வியாபாரிக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். வாங்குகிற பையனுக்குப் புரியாது. டப்பா விற்பதே இந்த இடைவெளியில்தான்.

இனி மருந்தின் பிறப்பு. ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற இன்ஜினீயர் நாக்கிங்குக்கு மருந்து தேடினார். 1921 டிசம்பர் 9-ஆம் தேதி டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயக் கலவையைச் சோதித்தார். கேலனுக்கு 3 சி.சி. அளவு போதும், இன்ஜின் பூனை மாதிரி ஓடியது. 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் முதல் விற்பனை. அதே வருஷம் மே மாதம் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் முதல் மூன்று இடம் பிடித்த கார்களும் இந்தப் பெட்ரோலில் ஓடியவை. பந்தயத்தில் ஜெயித்த மருந்து, பாமரன் காருக்கு வராமல் இருக்குமா? அன்றைக்குப் பிடித்த விளம்பர உத்தி இன்றுவரை மாறவில்லை.

கடையில் அதற்கு வைத்த பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற சொல்லே விளம்பரத்தில் கிடையாது. ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும் என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அது இந்த விஷயத்தில் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

சொல்லைத் தொட்டதால் ஒரு குறிப்பு. நம்மில் பலர் ஈயத்தை லேசாக நினைப்பதற்கு மொழியும் ஒரு காரணம். வந்தவாசிப் பக்கத்து எங்கள் கிராமத்தில் என் தாயார் ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்பார். அந்த மணம் இன்னும் நாக்கில் நிற்கிறது. ஆனால் அது வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின். பெட்ரோலில் போட்டது காரீயம். இரண்டையும் நாம் பேச்சு வழக்கில் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். இந்திக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அது ராங்கா, இது சீசா. தெருவில் கூவிக்கொண்டு வருகிற கலாய்வாலா பூசுவது முன்னது. ரசச் சொம்பின் நல்ல பெயர் பெட்ரோல் டேங்குக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காரீயம் விஷம் என்பது மிட்ஜ்லிக்குத் தெரியாததல்ல. அவரே 1923-ல் ஈயம் ஏறி உடம்பு கெட்டு ஓய்வுக்குப் போனவர். 1924 அக்டோபரில் நியூஜெர்சி பேவே சுத்திகரிப்பாலையில் இந்த மருந்தைத் தயாரித்த தொழிலாளிகளில் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயாளிகளானார்கள். அதே மாதக் கடைசியில் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, அவர்கள் முன்னால் அந்த திரவத்தில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார். 1925 மே மாதம் அமெரிக்க அரசு கூட்டிய மாநாட்டில், ஆலிஸ் ஹாமில்டன் என்ற அம்மையாரும் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் யாண்டல் ஹெண்டர்சனும் தெருவில் நடப்பவர்களின் கதியைக் கேட்டு எதிர்த்தார்கள். சில மாதம் விற்பனை நின்றது. 1926-ல் நிபுணர் குழு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை, மேலும் ஆராய வேண்டும் என்றது. விற்பனை திரும்பவும் தொடங்கியது. ஆராய்ச்சியைப் பெரும்பாலும் அந்தத் தொழிலே தன் காசில் நடத்திக்கொண்டது.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்று. வேறு மருந்து இருந்தது. எரிசாராயம் கலந்தாலும் நாக்கிங் அடங்கும் என்பது மிட்ஜ்லிக்கே தெரியும். 1921-ல் 30 சதவீதம் சாராயம் கலந்த பெட்ரோலில் கார் ஓட்டிக் காட்டியவர் அவர். ஆனால் சாராயத்தை எந்தக் குடியானவனும் காய்ச்சலாம். ஈய மருந்துக்கு உரிமை ஒரே கம்பெனிக்கு. வியாபாரி என்ற முறையில் அவர்கள் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது. புரிகிறது என்பதுதான் சங்கடம்.

நிற்க, தில்லிக்கு வருவோம். நான் கடை வைத்த காலத்தில் பம்பில் 87, 93 என்று இரண்டு பெட்ரோல். இரண்டிலும் ஈயம். 1983 டிசம்பரில் மாருதி வந்ததிலிருந்து தில்லித் தெருவில் வண்டிகள் பெருகின. 1985-ல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. 1994-ல் நான்கு பெருநகரங்களில் ஈயத்தை 0.15 கிராமாகக் குறைத்தார்கள். 1995 ஏப்ரல் 1 முதல் இந்நகரங்களில் விற்கும் புதிய கார்களுக்கு கேடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம். அதற்காக ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. 'அதற்காக' என்ற சொல்லைக் கவனியுங்கள். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பிளாட்டினப் பூச்சை ஈயம் கெடுத்துவிடும். அமெரிக்காவில் 1975-லும் இதே கதைதான். பிளாட்டினத்துக்கு ஆகாது என்றதும் வழி பிறந்தது. பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஐம்பது வருஷமாகச் சொன்னபோது பிறக்கவில்லை.

1996-ல் அனில் அகர்வாலின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் வாகனப் புகையைப் பற்றி 'மெதுவாக ஒரு கொலை' என்ற பொருளில் ஆங்கிலப் புத்தகம் போட்டது. 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில் ஆணையம். 1998 செப்டம்பர் 1 முதல் தில்லியில் ஈயப் பெட்ரோல் அடியோடு நின்றது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் நின்றது. இதற்கிடையில் பெங்களூரு ஜார்ஜ் பவுண்டேஷன், தில்லி, சென்னை உள்ளிட்ட நகரங்களில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தொட்டோ தாண்டியோ இருந்தது. பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுக்க அதைவிடக் குறைந்த அளவே போதும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அப்போது என் கடையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈயம் நின்ற அந்த செப்டம்பரில் பத்மினி, அம்பாசிடர் வைத்திருந்த பெரியவர்கள் பயந்து போயிருந்தார்கள். ஈயம் வால்வு சீட்டுக்கு மெத்தை போல இருந்தது, அது போனால் வால்வு தேயும் என்று பேச்சு. அதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் தொடர்ந்து அதிவேகத்தில் ஓடும் வண்டிக்குத்தான் அந்தத் தேய்மானம் சீக்கிரம் வரும். கரோல் பாக்கிலிருந்து காரியாலயம் போய்வருகிற பத்மினிக்கு அதில் என்ன அவசரம்? இதைத் தெரிந்துகொண்டே, "சார், ஒவ்வொரு டேங்குக்கும் ஒண்ணு ஊத்துங்க, இல்லேன்னா ஹெட்டைக் கழட்டணும்" என்று சொல்லி டப்பா டப்பாவாக விற்றேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மாதா மாதம் வந்து வாங்கிப் போவார். என் பேச்சை நம்பினார். இன்னும் சில பையன்கள் புதுக் காரில் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போடச் சொல்வார்கள்; அந்தக் குழாயும் என்னிடம் இருந்தது. கடையின் மேல் மாடியில்தான் எங்கள் குடித்தனம். கீழே காஷ்மீரி கேட் நெரிசல், பஸ் நிலையம். ஈயம் நின்றபோது என் மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது. பெங்களூருப் பரிசோதனையைப் பற்றிப் பேப்பரில் படித்த அன்று, அவளை அழைத்துப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை. அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

ஈயம் போனதும் ஆக்டேனை எப்படி ஏற்றுவது? சுத்திகரிப்பாலைகள் பென்சீன் வகைச் சரக்கை நம்பின. பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும். எனவே அதற்கும் வரம்பு கட்டி, 2000 முடிவதற்குள் தில்லியில் 1 சதவீதமாக்கினார்கள். எம்.டி.பி.இ. என்ற திரவம் நல்ல பெயர் எடுத்தது. கலிபோர்னியாவில் அது நிலத்தடி நீரில் கலந்து 2004-ல் தடைப்பட்டது. டப்பாக்காரர்களுக்கு மாங்கனீசு கலந்த எம்.எம்.டி., இரும்பு கலந்த ஃபெரோசீன் ஆகியவை கைகொடுத்தன. ஃபெரோசீன் ஊற்றிய வண்டியின் பிளக்கைக் கழற்றினால் செங்கல் பொடி தடவின மாதிரி இருக்கும். அந்தப் படிவு மின்சாரத்தைக் கடத்தி, பொறி சரியாக விழாமல் செய்யும். வேகத்துக்கு ஊற்றியது வேகத்தைக் கெடுக்கும்.

பந்தய உலகில் டப்பா இல்லை, கலவைதான். 1988-ல் மெக்லாரன் அணி 16 பந்தயத்தில் 15 ஜெயித்தபோது, ஹோண்டா டர்போ இன்ஜினுக்கு ஊற்றியது 84 சதவீதம் டொலுயீன். விதிப்படி 102 ஆக்டேனுக்கு மேல் போகாமல் இருக்க மீதி 16 சதவீதம் ஹெப்டேன். நம் தமிழகத்துக்கும் இந்தப் பாரம்பரியம் உண்டு: சோழவரத்துப் பழைய விமான ஓடுதளம், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டை, கோவை கரிவரதன் கட்டிய பந்தயக் கார்கள். 2011 அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டா புத் தடத்தில் கோவை நரேன் கார்த்திகேயன் ஓட்டியபோது, தில்லித் தமிழர்கள் நாங்கள் கும்பலாகப் போய்க் கைதட்டினோம். அங்கே ஓடிய பெட்ரோல்கூட, விதிப்படி பம்புப் பெட்ரோலுக்கு நெருங்கிய சரக்குதான், ஈயம் கிடையாது.

இன்றைக்கு டப்பாவின் தேவையே சுருங்கிவிட்டது. 2020 டிசம்பர் 1 அன்று இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலைத் தில்லி உள்ளிட்ட நகரங்களில் இறக்கியது. மதுரா ஆலையில் தயாராவது. தில்லியில் தொடக்க விலை லிட்டர் 160 ரூபாய். மிட்ஜ்லி ஒதுக்கின சாராயமும் எத்தனால் என்ற பெயரில் திரும்பி வந்துவிட்டது. 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலின் ஆக்டேன் 108 அளவில் இருப்பதால் கலந்த பெட்ரோலின் எண் தானாக உயர்கிறது. மைலேஜ் குறைகிறது, பழைய வண்டியின் ரப்பர் குழாய் கெடுகிறது என்று புகார்கள் என் கடைக்கும் வருகின்றன. எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் முதல் புகார் நியாயமானதே.

பையனிடம் காரின் கையேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். குறைந்தது 91, சிபாரிசு 95 என்று இருந்தது. "உன் இன்ஜினில் நாக் சென்சார் இருக்கு தம்பி. பெட்ரோல் மட்டமா இருந்தா அதுவே பொறி விழற நேரத்தைத் தள்ளிப் போட்டுக்கும், சக்தி கொஞ்சம் குறையும். கையேடு கேட்கிற எண்ணை பம்பிலேயே பார்த்துப் போடு. அதுக்கு மேல ஏத்தினா அந்த இன்ஜினுக்குப் பெரிசா ஒண்ணும் கூடாது. கம்ப்யூட்டரையே மாத்தி, டர்போ அழுத்தத்தை ஏத்தினவனுக்குத்தான் 100 வேணும். இந்த டப்பாவில உலோகம் இருந்தா, கன்வெர்ட்டருக்கும் சென்சாருக்கும் கேடு" என்றேன்.

"அப்ப ஈயப் பெட்ரோல் இப்ப எங்கேயுமே கிடையாதா மாமா?" என்று கேட்டான். ரோட்டு வண்டிகளுக்குக் கடைசியாக விற்ற நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையில் அங்கேயும் நின்றது என்றேன். ஆனால் பிஸ்டன் இன்ஜின் வைத்த சிறு விமானங்கள் இன்னும் அதில்தான் பறக்கின்றன. நம் நாட்டிலேயே தயாரித்த அந்த 100 ஆக்டேன் ஈயப் பெட்ரோலை 2022 செப்டம்பரில் வெளியிட்டது, அவன் வீட்டிலிருந்து யமுனைக்கு இந்தப் பக்கத்திலேயே இருக்கும் ஹிண்டன் விமானப்படைத் தளத்தில்தான். டப்பாவை என் மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போனான். வாங்கின கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கும்படி மறுநாள் போன் செய்து சொன்னேன்.