முப்பத்தொன்று கழிந்த பிறகு

எங்கள் வானொலியின் பெண்கள் நிகழ்ச்சிக்கு ஒரு தங்கை தொலைபேசியில் கேட்டா: “பால் குடுக்கிற காலத்தில அடுத்த பிள்ளை தங்காது எண்டு அம்மா சொல்லுவா. உண்மையோ?” பதிலை வைத்தியர் சொன்னார். அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள வரலாறுதான் என்னை இழுத்தது. ஆம்பிளைக்கு இதில் என்ன அலுவல் என்பார்கள் சிலர். பிள்ளை ஆம்பிளைக்கும்தானே பிறக்கிறது.

ஊரில் 31ஆம் நாள் துடக்குக் கழிப்போம். காயம் அரைத்துக் கொடுத்து, பத்தியம் காத்து, பல பெண்களைத் தாய்வீட்டிலேயே மாதக்கணக்கில் வைத்திருப்போம். ‘இடைவெளி’ என்று பெயர் வைக்காமலே இடைவெளி விட்ட ஏற்பாடு அது. ஆனால் எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள்.

1937இல் டொக்டர் மேரி ரட்ணம் கொழும்பில் ஒரு கருத்தடை கிளினிக்கைத் திறந்தார். கனடாவில் பிறந்து, தமிழரை மணந்து, இலங்கையிலேயே வாழ்ந்தவர். அந்தக் கிளினிக் நீடிக்கவில்லை. 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் உருவானபோது, டொக்டர் சிவா சின்னத்தம்பி கொழும்பு டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரியிலேயே கிளினிக் நடத்தினார். தாய் வரும் இடத்திலேயே அவவோடு பேசுவது: எளிய யோசனை, ஆனால் பெரியது. 1958இல் சுவீடனின் உதவியோடு தொடங்கிய முன்னோடித் திட்டத்துக்குத் தெரிவான இடங்களில் ஒன்று மலையகத்தின் டயகம தோட்டம். 1965இல் அரசு இதைத் தாய் சேய் நலச் சேவையோடு சேர்த்தது. பிள்ளையின் நிறையைப் பார்க்க வரும் மிட்வைஃப் அம்மாதான் தாயிடமும் இதைப் பேசினா.

எங்கள் சனத்துக்கு இதில் சந்தேகமும் இருந்தது. “எங்கட தொகையைக் குறைக்கிற வேலை” என்று பேசினோம். அந்தச் சந்தேகம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுக்கப்பட்டது. வறுமையில் இருந்த தோட்டப் பெண்ணுக்கு அது தெரிவா, நெருக்குதலா? 2013இல் கிளிநொச்சி மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் பெண்களுக்குக் கட்டாயப்படுத்திக் கையில் கருத்தடைக் குச்சி வைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஆனால் திணித்தவர்கள் மேல் இருந்த கோபத்தில், தானாக வந்து கேட்ட பெண்ணின் வாயையும் நாங்கள் அடைத்தோம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சரி, அம்மாவின் சொல்? பாதி உண்மை. 1988இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய நிபுணர்கள் மூன்று நிபந்தனை சொன்னார்கள்: பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக்கூடாது, தாய்ப்பாலே முழு உணவாக இருக்கவேண்டும், மாதவிலக்குத் திரும்பியிருக்கக்கூடாது. மூன்றும் இருந்தால் 98 வீதம் பாதுகாப்பு. புலம்பெயர்ந்த வீட்டில் இரண்டாவதுதான் முதலில் உடைகிறது. தாய் வேலைக்குத் திரும்புவா, புட்டிப்பால் வரும். பாலே கொடுக்காத தாய்க்கு நாலாம் கிழமையிலேயே சினை முட்டை வெளிவரலாம், மாதவிலக்கு வருமுன்பே.

அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் விடச் சொன்னது 2005இல் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு. லூப்பைப் பிரசவத்தின் பின் 48 மணி நேரத்துக்குள்ளேயே வைக்கலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த வழமையான மாத்திரையைப் பால் கொடுக்கும் தாய் முதல் ஆறு கிழமைக்குள் எடுக்கக்கூடாது. ஆறு மாதம் வரை வேறு முறையே நல்லது. ஆறாம் கிழமை வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். பள்ளிக்கூடம் போகிற மூத்த பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் இதைப் பேசுவா?