தோல் ஷாப்பும் 350 கிணறும்

திண்டுக்கல்னா பூட்டு, பிரியாணி. ஆனா அரசாங்க விதி ஒரு ஊரை என்ன பண்ணும்னு தெரியணும்னா, நம்மூர் தோல் ஷாப் கதையைத்தான் பார்க்கணும்.

அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய அரைகுறைத் தோல் அப்படியே கப்பலேறும். அதைச் செருப்பாக்கி லாபம் பார்த்தது வெளிநாட்டுக்காரன். இதை மாத்தச் சொல்லி 1972-இல் சீதாராமையா கமிட்டி பரிந்துரைத்தது. அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. திட்டம் பலிச்சது: தமிழ்நாட்டில் முழுசா முடித்த தோலும் செருப்பும் ஏற்றுமதியாச்சு. கூடவே பல இடங்களில் குரோமியமும் புகுந்தது.

தண்ணீருக்கும் 1974-லேயே மாசுத் தடுப்புச் சட்டம் இருந்ததுங்க. ஆனா கழிவைச் சுத்தம் பண்றவனுக்குச் செலவு. பண்ணாதவன் விலையைக் குறைச்சு விப்பான். அப்புறம் எவன் முதல்ல பண்ணுவான்?

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதில் நம்ம பக்கத்துக் கணக்கும் இருக்கு: 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 மாசு. கெடுத்தவனே செலவை ஏற்கணும், சுத்திகரிப்பு இல்லேன்னா ஷாப்பை மூடணும்னு உத்தரவு. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத்துக்கும் ஒரே விதி. தனியா கட்ட முடியாத சின்ன ஷாப்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரலாம்.

போட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாருக்கும் ஒண்ணா பொருந்துற விதி 22 வருஷம் ஏட்டில் தூங்கிச்சு. அந்தத் தூக்கத்துக்கு விலை கொடுத்தது தோலே விற்காத விவசாயி.